கயோட்டி (நரி போன்ற அமெரிக்கக் காட்டு விலங்கு) பின்னாலேயே வந்தால் என்ன செய்வீர்கள்?

நேப்பர்வில், சிகாகோ பக்கம்:
ஏப்ரல் கடைசி, விடியற்காலை. நாயோடு டுபேஜ் ஆற்றோரம் நடந்துகொண்டிருந்தேன். புதரிலிருந்து ஒல்லியாக, நெட்டைக் கால்களோடு ஒன்று வந்து நின்றது. யார் வீட்டு நாயோ அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நுனி கறுத்த, தொங்கிய வாலைப் பார்த்த பிறகுதான் கயோட்டி என்று புரிந்து வயிற்றைப் பிசைந்தது. நாங்கள் நடந்தால் நடக்கிறது, நின்றால் நிற்கிறது. கிட்டே வரவும் இல்லை, விடவும் இல்லை. பாலம் தாண்டியதும் அதுவாகவே திரும்பிப் போய்விட்டது. அம்மாவிடம் போனில் சொன்னால், "நரி முகத்துல முழிச்சிருக்க, நல்லதுதான் நடக்கும்" என்கிறார்! இங்கே அக்கம்பக்கத்தில் அதைப் பிடித்துக் கொல்லச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். போடலாமா?

சிகாகோ நகரத்துக்குள்ளிருந்து:
போடாதீர்கள். அது உங்களை வேட்டையாடவில்லை, எல்லை வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது. ஏப்ரலில் குட்டி போடும் காலம்; பக்கத்தில் வளை இருந்திருக்கும். நாய் வருவதுதான் அதற்குப் பிடிக்காது. ஒன்றைக் கொன்றால் காலியான இடத்துக்கு இன்னொன்று வரும், அவ்வளவுதான். சிகாகோ இருக்கும் இந்தக் குக் கவுண்டியில் ஸ்டான்லி கெர்ட் என்ற ஆய்வாளரின் குழு 2000 முதல் இவற்றுக்கு ரேடியோ பட்டை கட்டிக் கவனித்து வருகிறது. அவற்றின் மலத்தைச் சோதித்ததில் அதிகம் இருந்தது எலி வகைகள்தான். பூனை ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். 2007-ல் ஒன்று நகர மையத்தில் சாண்ட்விச் கடைக்குள் நுழைந்து குளிர்பானப் பெட்டியில் படுத்துக்கொண்டது, யாரையும் தொடவில்லை. அதற்காகக் கடிக்கவே கடிக்காது என்று சொல்ல மாட்டேன். 2020 ஜனவரியில் லிங்கன் பார்க்கில் ஆறு வயதுப் பையனைக் கடித்தது. ஓடாமல், முதுகு காட்டாமல், கையை உயர்த்திக் கத்துங்கள்.

அர்வைன், கலிஃபோர்னியா:
ஒரு சதவீதம் என்று படிக்கும்போது சின்ன எண்தான். எங்கள் பூனை அந்த ஒன்றில் போய்விட்டது. ஆறடி மதிலைக் கயோட்டி ஏறித் தாண்டியதைக் கேமராவில் பார்த்தோம். ஒரு மாதம் எனக்கு அதன் மேல் கொலைவெறி. அப்புறம் பழைய பதிவுகளையும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு வாரமாகத் தினமும் வந்திருக்கிறது, பூனைக்கு நாங்களே ராத்திரி வெளியே வைத்த தட்டை நக்கிவிட்டுப் போக. நாங்கள்தான் விருந்து வைத்துப் பழக்கியிருக்கிறோம். இப்போது தட்டு உள்ளே, உதிர்ந்த ஆரஞ்சும் அன்றன்றே குப்பைக்கு. வந்தால் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் அடிப்பேன். விசில், ஹாரன் எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டேன், தாம்பாளத்துக்கு ஈடில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டியும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

நேப்பர்வில்காரரே மறுபடி:
கையெழுத்துப் போடவில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சரி. குட்டிகள் பெரிதாகும் வரை வேறு பாதையில் நடக்கிறோம், நாயின் சங்கிலியையும் குட்டையாகப் பிடிக்கிறேன். நேற்று ராத்திரி ஊளை கேட்டது. பத்துப் பதினைந்து இருக்கும் போலிருந்தது. இரண்டே இரண்டு இருந்தாலும் அப்படித்தான் கேட்குமாமே? நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு காலை வரை வெளியே வரவில்லை.