ஷாஃப்ட், சுருள்வில் முறுக்கக் கணக்குகளில் எந்த விட்டத்தை எடுப்பது?

பெருந்துறை மாணவர்:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முறுக்கம் பற்றிய பாடத்தில் இரண்டு கணக்குகள் பிடிபடவில்லை.

நிமிடத்திற்கு 1440 சுற்று சுழலும் 7.5 கிலோவாட் மோட்டாரின் திறனை, 1 மீட்டர் நீளமுள்ள எஃகு ஷாஃப்ட் வழியாகப் பம்புக்குக் கொடுக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட வெட்டுத் தகைவு (முறுக்கும்போது பரப்பலகில் தோன்றும் விசை) சதுர மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன்; முறுக்கக் கோணம் 1 பாகையைத் தாண்டக் கூடாது; விறைப்புக் குணகம் (எஃகு முறுக்கத்தை எதிர்க்கும் அளவு) சதுர மில்லிமீட்டருக்கு 80,000 நியூட்டன். தகைவைக் கொண்டு பார்த்தால் விட்டம் 18.5 மி.மீ. வருகிறது, விடையோ 25 மி.மீ. என்று இருக்கிறது.

அடுத்தது சுருள்வில். கம்பியின் விட்டம் 5 மி.மீ., வில்லின் வெளிவிட்டம் 45 மி.மீ., செயல்படும் சுருள்கள் 10, சுமை 200 நியூட்டன். விறைப்புக் குணகம் அதேதான். விட்டத்தை 45 என்று இட்டால் அமுக்கம் (சுமையால் வில் குறுகும் அளவு) 29.2 மி.மீ. கிடைக்கிறது, விடை 20.5 மி.மீ. இந்த வேறுபாடுகள் எதனால் வருகின்றன?

பீளமேடு விரிவுரையாளர்:

தம்பி, ஷாஃப்ட் கணக்கில் உங்கள் 18.5 சரியான எண்தான். ஆனால் அது பாதிக் கணக்கு. திறனிலிருந்து முறுக்குவிசை 49.74 நியூட்டன் மீட்டர் என வருகிறது. உருளை ஷாஃப்ட்டின் மேற்பரப்பில் தோன்றும் தகைவு, முறுக்குவிசையின் 16 மடங்கை, பை, விட்டத்தின் முப்படி ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். அதை 40 என வைத்தால் 18.5 மி.மீ. வரும். இது ஷாஃப்ட் தாங்குமா என்ற கேள்விக்கு மட்டுமே விடை.

எவ்வளவு முறுகும் என்பது தனிக் கேள்வி. முறுக்குவிசையை நீளத்தால் பெருக்கி, விறைப்புக் குணகம், துருவ நிலைமத் திருப்புத்திறன் (குறுக்குவெட்டின் வடிவம் முறுக்கத்தை எதிர்க்கும் அளவு) ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் கோணம் ரேடியனில் கிடைக்கும். 18.5 மி.மீ. ஷாஃப்ட்டுக்குத் துருவ நிலைமத் திருப்புத்திறன் ஏறத்தாழ 11,500, கோணம் 0.054 ரேடியன், அதாவது 3.1 பாகை. அனுமதித்ததைப் போல மூன்று மடங்கு! 1 பாகைக்குள் அடக்க வேண்டுமானால் துருவ நிலைமத் திருப்புத்திறன் 35,600-க்கு மேல் வேண்டும், விட்டம் 24.5 மி.மீ. ஆகிறது. இரண்டில் பெரியதே விடை. கேள்வியில் தகைவும் கோணமும் சேர்ந்து வந்தால் இரண்டு விட்டங்களையும் கண்டறியாமல் பேனாவைக் கீழே வைக்காதீர்கள்.

சுருள்வில்லில் சூத்திரம் கேட்பது சராசரி விட்டத்தை. கம்பியின் மையத்திலிருந்து எதிர்ப்பக்கக் கம்பியின் மையம் வரை அளந்தால் 45-லிருந்து 5 போக 40. அமுக்கம் சராசரி விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப மாறுவதால், அந்த 5 மி.மீ. வேறுபாடு விடையை 42 விழுக்காடு உயர்த்திவிடுகிறது.

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, நெருங்கச் சுற்றிய சுருள்வில்லை வளைத்து வைத்த நீண்ட ஷாஃப்ட் என்றே பாருங்கள். சுமை 200, சராசரி ஆரம் 20. ஆகவே கம்பியின் மீதான முறுக்குவிசை 4,000 நியூட்டன் மி.மீ. கம்பியின் நீளம் பை × 40 × 10, அதாவது 1,257 மி.மீ. 5 மி.மீ. கம்பியின் துருவ நிலைமத் திருப்புத்திறன் 61.4. முன்பு ஷாஃப்ட்டுக்குச் செய்த அதே வகுத்தலைச் செய்தால் முறுக்கம் 1.024 ரேடியன், அதை ஆரம் 20-ஆல் பெருக்கினால் 20.48 மி.மீ. தேர்வில் சூத்திரம் மறந்தாலும் இந்த வழி கைவிடாது.

கணபதி பட்டறைக்காரர்:

விரிவுரையாளர் ஐயா சொன்னதோடு பட்டறைப் பக்கத்துச் செய்தி ஒன்றிரண்டு. 24.5 என்று கணக்கு சொன்னாலும் நாங்கள் கடைவது 25 மி.மீ. தான், 6205 எண் பேரிங்கின் உள்விட்டம் 25 என்பதால் ஷாஃப்ட் அதில் அமர வேண்டும். சாவிக்காடி (சாவி அமர ஷாஃப்ட்டில் வெட்டும் பள்ளம்) வெட்டும் இடத்தில் வலிமை குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. இந்த ஷாஃப்ட்டில் 25 மி.மீ. விட்டத்திற்குத் தகைவு 16 அளவுக்கே வருவதால் கவலையில்லை, 18.5-லேயே நின்றிருந்தால் காடியின் மூலையிலிருந்து விரிசல் கிளம்பும்.

உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே முறுக்கில் அறுந்த மைல்ட் ஸ்டீல் ஷாஃப்ட் அச்சுக்குச் செங்குத்தாகத் தட்டையாக அறுந்திருக்கும். வார்ப்பிரும்பு 45 பாகையில் சுருளாகப் பிளந்திருக்கும். வகுப்பில் ஒரு சாக்பீஸை இரு கைகளாலும் முறுக்கினால் அந்தச் சாய்ந்த பிளவை அப்போதே பார்க்கலாம். விசைத்தறிகளிலிருந்து வரும் உடைந்த ஸ்பிரிங்குகளில் விரிசல் பெரும்பாலும் சுருளின் உள்பக்கத்தில் தொடங்கியிருப்பதைக் காண்கிறேன்.

பெருந்துறை மாணவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு கணக்குகளும் இப்போது பொருந்துகின்றன. உள்பக்கத்தில் தகைவு கூடுவதற்குத்தான் வால் (Wahl) திருத்தக் காரணியா? அதை அமுக்கத்திற்கும் பெருக்க வேண்டுமா?

பீளமேடு விரிவுரையாளர்:

ஆம், அதற்காகத்தான். வளைவின் உள்பக்கத்தில் கம்பியின் இழைகள் குறுகியவை. நேர்வெட்டுத் தகைவும் அங்கே முறுக்கத் தகைவோடு கூடிக்கொள்கிறது. உங்கள் வில்லில் சராசரி விட்டத்திற்கும் கம்பி விட்டத்திற்கும் உள்ள விகிதம் 8. அதற்குக் காரணி 1.184. முறுக்கத்தால் மட்டும் வரும் 163 நியூட்டன், திருத்தியபின் சதுர மில்லிமீட்டருக்கு 193 ஆகிறது. விகிதம் குறையக் குறையக் காரணி ஏறும்; 4 என்றால் 1.4 வரை போய்விடும். இது தகைவுக்கு மட்டுமே உரியது. அமுக்கம் கம்பி முழுவதன் முறுக்கமும் சேர்ந்து வருவது. அதை இந்தக் காரணியால் பெருக்கக் கூடாது.