குளிர்நாட்டில் முதல் குளிர்காலம்: ஐஸ் தரையில் விழாமல் நடப்பது எப்படி

குளிர் அதிகமுள்ள நாட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் விசாரிப்பது ஜாக்கெட்டைப் பற்றித்தான். எத்தனை அடுக்கு போட வேண்டும், உள்ளே கம்பளியா பருத்தியா என்றெல்லாம் கேட்பார்கள். அதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். உடம்பை ஒட்டி, வியர்வையைத் தேக்கி வைக்காத மெல்லிய துணி ஒன்று. அதன் மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை இழைத் துணி. எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். பருத்தி நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும், அதனால் அதை உள்ளே போட வேண்டாம். உடை விஷயம் அவ்வளவுதான். குளிர் தாக்கும்போது நடுக்கம், விறைப்பு என்று உடம்பே முன்கூட்டிச் சொல்லிவிடும், உள்ளே ஓடிவிடலாம். கால் வழுக்கும்போது அந்த அவகாசம் கிடைக்காது. வேலையில் சேர்ந்த புதிதில், உதவிக்கு ஆள் இல்லாத ஊரில், மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு உட்கார்வது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இந்தப் பதிவு முழுக்கக் காலைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை மைனஸ் 20, மைனஸ் 25 என்று காட்டும் நாளைப் பார்த்துத்தான் புதியவர்கள் பயப்படுகிறார்கள். உண்மையில் கால் அதிகம் வழுக்குவது பூஜ்யத்தை ஒட்டிய நாட்களில். ஐஸின் மேற்பரப்பில், அது உறைந்திருக்கும்போதுகூட, தண்ணீர் மாதிரியான மிக மெல்லிய படலம் ஒன்று இருக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1850-லேயே சொன்னார். நம் எடை அழுத்துவதால்தான் ஐஸ் உருகி வழுக்குகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த அழுத்தம் உருகுநிலையை மாற்றுவது மிகக் கொஞ்சம்தான், அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. பூஜ்யத்தை நெருங்க நெருங்க அந்தப் படலம் தடிக்கிறது, ஐஸ் உருகத் தொடங்கினால் அதன் மேல் நிஜத் தண்ணீரே நிற்கிறது. ஈரமான ஐஸைவிட மோசமான தரை கிடையாது. நல்ல குளிரில் பனியை மிதித்தால் நறநறவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் காலுக்குப் பிடிமானம் பெரும்பாலும் இருக்கும்.

இதிலிருந்து வருவதுதான் அடுத்த விஷயம். பகலில் வெயில் அடித்து பனி உருகி, தண்ணீர் நடைபாதையில் பரவுகிறது. ராத்திரி அது அப்படியே கண்ணாடியாக உறைகிறது. ஆகவே "நேற்று நன்றாக வெயில் அடித்தது, இன்று நிம்மதியாக நடக்கலாம்" என்று நினைக்கும் காலைதான் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டிய காலை. தொலைபேசியில் வானிலை பார்க்கும்போது இன்றைய வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். நேற்று பகலில் பூஜ்யத்துக்கு மேலே போனதா, ராத்திரி கீழே இறங்கியதா என்று பாருங்கள். இன்னொன்று, அதில் காட்டுவது காற்றின் வெப்பநிலை, அதுவும் ஆள் உயரத்தில் அளந்தது. மேகமில்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். காற்று 2, 3 டிகிரி என்று காட்டும்போதே தரையில் ஐஸ் பிடித்திருக்கலாம். உறைமழை என்று எச்சரிக்கை வந்தால், முடிந்தவரை அன்று வெளியே போகாதீர்கள். மழையாக இறங்கி, தொட்ட இடத்தில் ஐஸாகப் பிடித்துக்கொள்ளும் மழை அது. படி, கைப்பிடி, கார் கதவு எதையும் விடாது.

பிளாக் ஐஸ் என்று எல்லோரும் சொல்வது நிஜத்தில் கறுப்பான ஐஸ் இல்லை. அது நிறமே இல்லாத மெல்லிய ஐஸ், கீழே இருக்கும் தார் அதன் வழியாகத் தெரிவதால் கறுப்பாகத் தெரிகிறது. வெறும் ஈரம் என்று நினைத்து மிதிப்போம். குளிர் நாளில் தரை ஈரமாக மின்னினால், நேரில் சோதிக்கும்வரை அதை ஐஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியையோ சுவரையோ பிடித்துக்கொண்டு, எடையைப் போடாமல் ஒரு காலால் மெல்லத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கே இருக்கும் என்று கண் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பாலங்கள் மற்ற சாலைகளுக்கு முன்பே உறையும், மேலும் கீழும் காற்று போவதால் மண்ணின் சூடு அவற்றுக்குக் கிடைப்பதில்லை. கட்டடத்தின் நிழல் விழும் பக்கம் நாள் முழுக்க உருகாது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் நடைபாதையைப் பார்த்து இருந்தால் அங்கே ஐஸ் உறுதி. பேருந்து நிறுத்தத்தில் எல்லோரும் மிதித்து மிதித்துப் பனி இறுகிப் பளிங்காகியிருக்கும். நிறுத்தியிருக்கும் கார்களுக்கு நடுவே உப்பு தூவும் வண்டி போயிருக்காது. அப்புறம், பழைய ஐஸின் மேல் ஒரு விரல் அளவு புதுப்பனி விழுந்திருக்கும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பார்க்க மெத்தென்று இருக்கும், கீழே இருப்பது தெரியாது. யாராவது ஏற்கனவே நடந்துபோன காலடித் தடத்தில் தரை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காலை வையுங்கள்.

சரி, எப்படி நடப்பது? குளிர்நாடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பென்குயின் நடைதான் பெரியவர்களுக்கும். நாம் சாதாரணமாக நடக்கும்போது ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் என்று உடம்பு எடை நடுவில் தொங்குகிறது. குதிகால் முதலில் தரையைத் தொடும் அந்த நொடியில்தான் கால் முன்னால் ஓடிவிடுகிறது. ஐஸில் எடை முழுக்க முன்காலின் நேர் மேலே இருக்க வேண்டும். அதற்குச் சின்னச் சின்ன அடியாக எடுத்து வையுங்கள். குதிகாலை ஊன்றாமல் பாதம் முழுவதையும் ஒரே சமயத்தில் தட்டையாக வையுங்கள். பாதங்களைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, முழங்காலை லேசாக மடக்கிக்கொள்ளுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்களோ என்று யோசிக்க வேண்டாம், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இப்படித்தான் நடக்கிறார்கள். திடீரென்று திரும்பவோ, பேருந்தைப் பிடிக்க ஓடவோ கூடாது. பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். எந்த பூட்ஸைவிடவும் அது அதிகம் உதவும்.

கை இரண்டும் பையிலிருந்து வெளியே இருக்க வேண்டும். சமநிலை தவறும்போது உடம்பைச் சரிசெய்வது கைகள்தான். கை குளிர்வதால்தான் பைக்குள் போகிறது, அதனால் நல்ல கையுறையும் விழாமல் இருப்பதற்கான சாமான்களில் ஒன்று. விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டன் வகை அதிகச் சூடு தரும். கடைச் சாமானை இரண்டு கையிலும் தூக்கி வராமல் முதுகுப்பையில் போடுங்கள். நடக்கும்போது தொலைபேசியைப் பார்க்காதீர்கள். ஜாக்கெட்டின் தலைமூடி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும், காரின் சத்தத்தையும் அமுக்கும், தொப்பியே மேல்.

படியில் ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து. கைப்பிடியை விடாமல், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள். காரிலிருந்து இறங்கும்போது ஒரு காலை நீட்டி எழுந்துகொள்ளும் பழக்கத்தை விடுங்கள். உடம்பைத் திருப்பி, இரண்டு காலையும் தரையில் வைத்து, கதவுச் சட்டத்தைப் பிடித்து எழுந்திருங்கள்.

காலணி வாங்கும்போது ஒரு குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. நீர் புகாது என்று எழுதியிருப்பதும், கதகதப்பாக இருப்பதும் வழுக்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அடிப்பாகம் மென்மையான ரப்பராக இருக்க வேண்டும், ஆழமான வெட்டுகள் வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சமாவது உள்ளே போக வேண்டும். கெட்டியான பிளாஸ்டிக் மாதிரியான அடிப்பாகம் குளிரில் இன்னும் இறுகிப் போகும். தோல் அடி வைத்த அலுவலகச் செருப்பைப் பையில் எடுத்துப்போய் அலுவலகத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். தடித்த காலுறை போட இடம் இருக்கும் அளவில் வாங்குங்கள், இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும்.

எவ்வளவு நல்ல ரப்பரும் ஈர ஐஸில் கைவிட்டுவிடும். அதற்குத்தான் பூட்ஸின் மேல் மாட்டிக்கொள்ளும் ஐஸ் கிளீட்ஸ் இருக்கிறது. ரப்பர் வளையத்தில் சின்ன உலோக முனைகளோ சுருள்களோ வைத்தது. குளிர்காலத்துக்கு நீங்கள் வாங்கும் பொருட்களில் இதைப் போலப் பயன் தருவது வேறொன்றும் இல்லை என்பது என் கருத்து. ஆனால் டைல்ஸ், பளிங்குத் தரையில் அதே உலோகம் வழுக்கும். கடைக்குள், ரயில் நிலையத்துக்குள் நுழையும்போது கழற்றிவிட வேண்டும், கார் ஓட்டும்போதும் கழற்ற வேண்டும்.

எவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் விழ நேரலாம். விழும்போது எல்லோரும் கையை நேராக நீட்டி ஊன்றப் பார்ப்போம். அப்படி ஊன்றும்போது மணிக்கட்டில் வரும் முறிவை 1814-லேயே அயர்லாந்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் விவரித்தார், இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. கையில் இருப்பதை விட்டுவிடுங்கள். முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து, தொடை, புட்டம் மாதிரி சதையுள்ள இடத்தில் விழப் பாருங்கள். பின்னால் விழுந்தால் தாடையை மார்போடு ஒட்டிக்கொள்ளுங்கள், பின்தலை அடிபடாது. வீட்டில் மெத்தைமேல் இதைப் பழகிப் பார்க்கலாம், அந்த நேரத்தில் யோசிக்க முடியாது.

விழுந்தவுடன் வெட்கப்பட்டு எழுந்து ஓடாதீர்கள். ஒரு நிமிடம் அப்படியே இருந்து எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். பிறகு புரண்டு, கையும் முழங்காலும் ஊன்றி, ஒரு பாதத்தை இரண்டு கைக்கும் நடுவே வைத்து எழுந்திருங்கள். கையில் அடி என்றால் வீங்குவதற்கு முன்பே மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டுக் குழியில் அழுத்தினால் வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் திரும்பப் போங்கள், அங்குள்ள சின்ன எலும்பின் முறிவு முதலில் தெரியாமல் போவதுண்டு. தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், குழப்பம், தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அறிகுறி இல்லாவிட்டாலும் போக வேண்டும். தொலைபேசியை உடம்பை ஒட்டிய உள்பையில் வைத்திருங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

வீட்டு வாசலுக்கு வருவோம். முதலில் பனியைத் தள்ளிவிட்டு, பிறகு ஒரு கைப்பிடி உப்பை எல்லா இடத்திலும் படும்படி தூவுங்கள், குவிக்க வேண்டாம். சாதாரண உப்பு மைனஸ் 10-க்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது. அப்போது கால்சியம் குளோரைடு கலந்தது வேண்டும், இல்லாவிட்டால் மணல். மணல் உருக்காது, ஆனால் பிடிமானம் தரும். வெந்நீர் ஊற்றும் யோசனை வேண்டவே வேண்டாம், அது பரவி உறைந்து இன்னும் பெரிய ஐஸாகும். பல நகரங்களில் வீட்டு முன்னாலுள்ள நடைபாதையைச் சுத்தம் செய்வது வீட்டில் இருப்பவரின் பொறுப்பு, செய்யாவிட்டால் அபராதமும் உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் அது யார் வேலை என்று இப்போதே பார்த்துவிடுங்கள். ஈரப் பனி கனமாக இருக்கும், அதைத் தூக்கி எறிவதைவிடத் தள்ளுவது நல்லது. இதய நோய் உள்ளவர்கள் அந்த வேலையே செய்யக் கூடாது.

சாலையைக் கடக்கும்போது, ஐஸில் கார் நிற்க ஆகும் தூரம் காய்ந்த சாலையைவிடப் பத்து மடங்கு வரை போகலாம் என்பதை மறக்காதீர்கள். ஓட்டுநர் உங்களைப் பார்த்துவிட்டார் என்பது போதாது, வண்டி முழுக்க நிற்கட்டும். நீங்களே கார் வைத்திருந்தால், 7 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கும்போதே குளிர்கால டயர் மாற்றிவிடுங்கள். எஞ்சின் நான்கு சக்கரங்களையும் சுழற்றும் வசதி (4WD) கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது.

உறைந்த ஏரியைப் பார்த்தால் இறங்கி நடக்க ஆசை வரும். உள்ளூர் நிர்வாகம் திறந்துவிட்ட இடம் தவிர எங்கும் இறங்காதீர்கள். ஒருவர் நடக்கவே குறைந்தது 10 சென்டிமீட்டர் தெளிவான ஐஸ் வேண்டும். ஒரே ஏரியில் இங்கே தடிமனாகவும் நாலடி தள்ளி மெல்லியதாகவும் இருக்கும்.

கடைசியாக, அப்பா அம்மா வந்து தங்குவது பற்றி. வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் மீள்வது மிகவும் கடினம். முடிந்தால் குளிர் முடிந்த பிறகு வரச் சொல்லுங்கள். குளிரில்தான் வர முடியும் என்றால், அவர்கள் கால் அளவைக் கேட்டு பூட்ஸும் கிளீட்ஸும் முன்பே வாங்கி வையுங்கள், பேரக்குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்க வேண்டாம் என்று அன்போடு ஆனால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். விமான நிலையத்துக்கு அழைக்கப் போகும்போதே அந்தப் பூட்ஸைக் கொண்டுபோங்கள். பயணக் களைப்போடு, செருப்புக் காலோடு அவர்கள் முதலில் இறங்கப்போவது அங்குள்ள கார் நிறுத்துமிடத்து ஐஸில்தான்.