ப்ரேயர் செல் லீடர், கையில ரெண்டு அரியர் - தொடரணுமா விடணுமா?

செம்பருத்தி_ஹாஸ்டல்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் சொல்லாதவங்களுக்கு வணக்கம். நான் கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங், ஈசிஇ, மூணாவது வருஷம். ஊர் தூத்துக்குடி பக்கம், சிஎஸ்ஐ குடும்பம். சண்டே ஸ்கூல், குவயர் எல்லாம் உண்டு, ஆனா அப்பா அம்மா போறாங்கன்னு நானும் போன கோயில் தான். ஃபர்ஸ்ட் இயர்ல ஹாஸ்டல்ல தினம் அழுதுட்டு இருந்தப்ப பக்கத்து ரூம் அக்கா ஒருத்தங்க ப்ரேயர் செல்லுக்கு (ஸ்டூடன்ட்ஸ் சேர்ந்து நடத்துற ஜெபக் குழு) கூட்டிட்டு போனாங்க, அங்க தான் நானா பைபிள தொறந்து வாசிக்கவே ஆரம்பிச்சேன். மெஸ்ஸுக்கு பின்னாடி வேப்பமரத்தடில பன்னெண்டு பேர், கிட்டார் கூட கிடையாது, ஆனா அந்த ஒரு மணி நேரம் இல்லன்னா நான் டிசி வாங்கிட்டு ஊருக்கே போயிருப்பேன்.

இப்ப அந்த அக்கா பாஸ் அவுட், லீடர் நான். செவ்வாய் பைபிள் ஸ்டடி (நான் தான் எடுக்கணும்), வியாழன் ஜெபம், சனிக்கிழமை மத்த காலேஜ் எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்கு ரெண்டு பஸ் மாறி போகணும், நடுவுல புது ஜூனியர்ஸ ரூம் ரூமா போய் பாக்கணும். நாலாவது செம் ரிசல்ட்ல சிக்னல்ஸும் எலக்ட்ரோமேக்னடிக்ஸும் போச்சு. அப்பா போன்ல "உன்ன படிக்க அனுப்பினேனா பிரசங்கம் பண்ண அனுப்பினேனா"ன்னு கேட்டுட்டு வச்சிட்டார். எங்க குழுவ கவனிச்சுக்கிற, படிப்பு முடிச்ச ஒரு கிராஜுவேட் அண்ணா கிட்ட சொன்னா "முதலாவது தேவராஜ்யத்த தேடு, மத்ததெல்லாம் கூட கொடுக்கப்படும்"ங்கறார்.

அது கூட பரவால்ல. என் ரூம்மேட் இந்து பொண்ணு, ரெண்டு வருஷமா ஒரே ரூம், அவங்க அம்மா எனக்குன்னு தனி டப்பால முறுக்கு அனுப்புவாங்க. "அவள ஒரு தடவ கூட நீ கூட்டிட்டு வரலியே, உனக்கு பாரமே (அவ விசுவாசத்துக்கு வரணும்ங்கற கவலை) இல்லையா"ன்னு குழு பக்கம் கேட்டாங்க. அதுக்கப்புறம் அவ கிட்ட சாதாரணமா பேசவே எனக்கு கூச்சமா இருக்கு, ஏதோ ஏமாத்துற மாதிரி. நான் விட்டா குழு நின்னுடும்னு பயமாவும் இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பழைய_இயூ_காரன்:
தங்கச்சி, நான் 2003-07 பேட்ச், காலேஜ்ல இயூ (கிறிஸ்தவ ஸ்டூடன்ட்ஸ் குழு), இப்ப படிப்பு முடிச்சவங்களோட கிராஜுவேட் ஃபெலோஷிப்ல இருக்கேன், அதனால அந்த அண்ணாவோட இடத்துல நின்னும் தெரியும். முதல்ல கசப்பா ஒண்ணு. எனக்கும் அரியர் வந்துச்சு, ஊழியத்தால வந்துச்சுன்னு வீட்ல சொல்லிட்டேன். உக்காந்து கணக்கு போட்டு பாத்தா கூட்டம் ஒரு மணி நேரம், கூட்டம் முடிஞ்சு டீக்கடைல ரெண்டு மணி நேரம். உன் கணக்கு எப்படின்னு நீ தான் பாக்கணும்.

அந்த வசனம் பத்தி: அத பரீட்சை ரிசல்ட்டுக்கு கேரண்டி கார்டு மாதிரி சொல்றது தப்பு. நம்ம ஆளுங்க பரீட்சை வந்தா தானியேல் 1:20 எடுப்பாங்க, பத்து மடங்கு சமர்த்தர்னு. அதே அதிகாரம் 5ஆம் வசனத்துல மூணு வருஷம் ட்ரெயினிங்னு இருக்கு, அத யாரும் வாசிக்கிறது இல்ல. தானியேல் படிச்சுட்டு தான் ராஜாவோட வைவாவுக்கு போனான்!

அப்புறம் இந்த வேலையோட அடிப்படையே ஸ்டூடன்ட்ஸ் நடத்துறது தான். கேம்பிரிட்ஜ்ல 1877ல கிறிஸ்தவ ஸ்டூடன்ட்ஸ் யூனியன் ஆரம்பிச்சப்பவும் நடத்தினது பசங்க தான். நம்ம நாட்டுல இந்த இயூ எல்லாம் சேர்ந்த யூஇஎஸ்ஐ அமைப்பு 1954ல வந்துச்சு, அந்த ஆரம்ப காலத்துல முன்னாடி நின்ன பேராசிரியர் ஏனோக் யாருன்னு நெனைக்கிற, சென்னை பிரசிடென்சி காலேஜ்ல விலங்கியல் சொல்லிக் கொடுத்தவர். பாடத்த ஓரமா வச்சுட்டு ஊழியம் பண்ணல. கிராஜுவேட்ஸ் வேலை என்னன்னா ஜெபம், மாசா மாசம் காணிக்கை, கேட்டா ஆலோசனை. அந்த அண்ணா உனக்கு மேனேஜர் இல்ல, டார்கெட் கொடுக்க அவருக்கு உரிமையும் இல்ல. இத மரியாதையா ஆனா நேராவே அவர் கிட்ட சொல்லு.

நடைமுறைக்கு வர்றேன். செவ்வாய்க்கிழமைக்கு தயார் பண்ண எவ்வளவு நேரம் ஆகுது? ஆறு மணி நேரம் உக்காந்து பிரசங்கம் எழுதுறன்னா அது பைபிள் ஸ்டடியே இல்ல. ஒரு பகுதிய எல்லாரும் சேர்ந்து வாசிங்க, இதுல என்ன இருக்கு, என்ன அர்த்தம், நாளைக்கு காலைல நாம என்ன மாத்திக்கணும், இந்த மூணு கேள்வி போதும். இத ரெண்டாவது வருஷ பொண்ணு தாராளமா நடத்தலாம். மொத வாரம் சொதப்புவா, சொதப்பட்டும், நீயும் சொதப்பி தானே கத்துக்கிட்ட. சனிக்கிழமைக்கு முறை போட்டு ஆள் மாத்தி அனுப்பு. ஸ்டடி லீவ் ஆரம்பிச்சா எங்க காலேஜ்ல கூட்டமே கிடையாது, ராத்திரி பத்து நிமிஷம் ஜெபம் மட்டும், நாங்க யாரும் கெட்டுப் போகல.

எப்படியும் அடுத்த வருஷம் நீ பாஸ் அவுட். இப்பவே கைமாத்தலன்னா அன்னைக்கு நிக்கும் அந்த குழு.

கிளம்பிட்டேன்:
மேல அண்ணன் சொல்றது நல்ல குழுவுக்கு. நான் இருந்த குழு வேற மாதிரி (பேர் வேணாம்). வாராவாரம் எத்தன பேர பாத்தீங்க, எத்தன பேர் கிட்ட பேசினீங்கன்னு நோட்ல எழுதி கொடுக்கணும். கேம்ப்னு சொல்லி என் சொந்த அக்கா நிச்சயதார்த்தத்துக்கே நான் போகல, அது இன்னைக்கு வரைக்கும் வீட்ல ஒரு பேச்சா இருக்கு. மூணாவது வருஷம் முடியலன்னு சொல்லி விலகினேன், அதுக்கப்புறம் ஒருத்தன் போன் பண்ணல, பண்ணினவனும் பின்மாற்றத்துல (விசுவாசத்துல பின்வாங்கி) இருக்கியான்னு தான் கேட்டான், சாப்டியான்னு கேக்கல. இன்னமும் கோயிலுக்கு போறேன், விசுவாசத்த விடல. ஒரு மாசம் லீவ் வேணும்னு கேட்டு பாரு, அவங்க முகம் எப்படி மாறுதுன்னு பாத்தாலே உனக்கு புரிஞ்சிடும்.

ராத்திரி_பரோட்டா:
நான் உங்க ரூம்மேட் சைடு ஆளு. இந்து, என் ரூம்மேட் இப்படி ஒரு குழுல லீடர். கிறிஸ்மஸ்க்கு கூப்பிட்டான், போனேன், கேக் சாப்பிட்டேன், பாட்டெல்லாம் நல்லாவே இருந்துச்சு, இன்னமும் அவன் தான் எனக்கு நெருங்கின ஃப்ரெண்டு. ஆனா ஒரு நாள் அவங்க ஜெப நோட்ல என் பேர பாத்தேன், பக்கத்துல தேதி தேதியா டிக். எனக்காக சாமி கும்பிடுறது பத்தி எனக்கு ஒண்ணுமே இல்ல, எங்கம்மாவும் தான் அவனுக்காக வேண்டிக்கிறாங்க, ஆனா அந்த டிக் மார்க் இருக்கு பாருங்க, ரேஷன் கடை ரெஜிஸ்டர் மாதிரி இருந்துச்சு. அவன் கிட்டயே கேட்டேன், பாவம் அழுதுட்டான். நீங்க பேசாம உங்க ஃப்ரெண்டு கிட்ட இந்த போஸ்ட்ட காட்டிடுங்க.

சட்டம்_கொஞ்சம்:
ஒரு குறுக்கீடு. அழைக்கிறதும் நம்பிக்கைய பத்தி பேசுறதும் அரசியல் சட்டத்தோட 25வது பிரிவு கொடுத்த உரிமை. 1977ல ஸ்டானிஸ்லாஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, பரப்புற உரிமை உண்டு, இன்னொருத்தர மாத்துறது உரிமை ஆகாதுன்னு. தமிழ்நாட்டுல 2002ல கட்டாய மதமாற்ற தடைச் சட்டம் வந்துச்சு, 2004 எலெக்ஷனுக்கு அப்புறம் கொண்டு வந்த ஜெயலலிதாவே வாபஸ் வாங்கினாங்க. மத்தபடி ஹாஸ்டல்ல கூட்டம் போட வார்டன் அனுமதி முக்கியம், வாங்கியிருக்கீங்க தானே?

மகாவலி_கரை:
நான் இலங்கையில கம்பஸ் படிச்சனான். எங்கட பக்கம் ஃபோகஸ் எண்டு ஒண்டு, எஸ்சிஎம் (கிறிஸ்தவ மாணவர் இயக்கம்) எண்டு ஒண்டு, ரெண்டும் கிறிஸ்தவ மாணவர் குழுக்கள், ரெண்டுக்கும் போவன். எஸ்சிஎம் காரர் யுத்தம், நியாயம், காணாமல் போனாக்கள் எண்டு கதைப்பினம், மற்றப் பக்கம் வேதபாடம், ஜெபம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லுவினம், அது 1910ல கேம்பிரிட்ஜ் காரர் எஸ்சிஎம்மை விட்டு வெளிய போன காலத்துச் சண்டை, எங்களுக்கும் சீதனமா வந்திருக்கு. ஆனா யாழ்ப்பாணத்து டி.டி. நைல்ஸ் ஐயாவைப் பாருங்கோ, சுவிசேஷகர், மாணவர் இயக்கத்து ஆள், 1948ல ஆம்ஸ்டர்டாம்ல உலக சபைகளின்ர மன்றம் தொடங்கேக்க பிரசங்கமும் செய்தவர். நான் ஏன் சொல்லுறன் எண்டா தங்கச்சி, உங்கட குழு மட்டும்தான் கடவுளுக்குத் தெரிஞ்ச குழு எண்டு நினைச்சு பாரத்தைத் தலையில ஏத்தாதேங்கோ. எங்கட பட்ச்ல ஒரு வருசம் ஸ்ட்ரைக்கால கம்பஸே மூடிக் கிடந்தது, கூட்டம் இல்ல, திறந்த பிறகு ஜூனியர்மார் தாங்களே தொடங்கிட்டினம்.

செம்பருத்தி_ஹாஸ்டல்:
எல்லாருக்கும் நன்றி, கிளம்பிட்டேன் அண்ணா உங்களுக்கு தனியா மெசேஜ் பண்றேன். வார்டன் மேம் கிட்ட வாய் வார்த்தையா தான் அனுமதி இருந்துச்சு, நேத்து லெட்டர் எழுதி கொடுத்துட்டேன். செவ்வாய்க்கிழமைய ரெண்டு செகண்ட் இயர் பொண்ணுங்க எடுத்துக்கிறாங்க, நேத்து முதல் தடவ, ஒருத்தி கேள்விய கேட்டுட்டு அவளே பதிலும் சொல்லிட்டா, பரவால்ல. அண்ணா கிட்ட பேசினேன், கொஞ்சம் வருத்தம் தான் அவருக்கு, ஆனா சனிக்கிழமைக்கு நான் நவம்பர் வரைக்கும் வரமாட்டேன்னு சொல்லிட்டேன்.

ரூம்மேட் கிட்ட போஸ்ட்ட காட்டினேன். ஃபுல்லா வாசிச்சுட்டு, முறுக்க பத்தி எழுதினியே, அதிரசத்த ஏன் எழுதலன்னு கேட்டா. கேரல்ஸ்க்கு பாட மட்டும் வர்றாளாம், அதுவும் அவளே கேட்டது.

சிக்னல்ஸ்க்கு பழைய கொஸ்டின் பேப்பர் யார் கிட்டயாவது இருந்தா அனுப்புங்க ப்ளீஸ்.

பழைய_இயூ_காரன்:
அனுப்பிட்டேன், இன்பாக்ஸ் பாரு. ஃபூரியர், லாப்லாஸ் ரெண்டையும் விடாத. அப்பாவுக்கு ஒரு போன் பண்ணிடு.