அல்தியா கிப்சன் பத்தி ஃபோலியோ செய்யலாமா? கோல்ஃப்ல ஒரு கப்பு கூட ஜெயிக்கலையே

செந்தூல் அம்மா:
வணக்கம் எல்லாருக்கும். என் மக படிவம் 2 படிக்கிறா, ஸ்கூல்ல முன்னோடி விளையாட்டு வீராங்கனை ஒருத்தவங்கள பத்தி ஃபோலியோ செய்யச் சொல்லியிருக்காங்க. இவ போன வருசத்துல இருந்து ஞாயித்துக்கிழமை ஆனா அப்பாகூட கோல்ஃப் பந்து அடிச்சுப் பழகுற டிரைவிங் ரேஞ்சுக்குப் போறா, அதனால கோல்ஃப் ஆடுன பொம்பள யாராச்சும் வேணும்னு தேடி அல்தியா கிப்சன புடிச்சிட்டா. எங்க அண்ணன் வேண்டாங்கிறாரு. அவங்க டென்னிஸ்ல பெரிய ஆளு, விம்பிள்டன் ரெண்டு தடவ, அத எழுது, கோல்ஃப்ல ஒண்ணுமே ஜெயிக்கல, தோத்த கதைய எழுதுனா டீச்சர் என்ன மார்க் போடுவாங்கன்னு கேக்குறாரு. இவ அசைய மாட்டேங்கிறா, கோல்ஃப் பக்கம்தான் எழுதுவேன்னு நிக்கிறா. நானும் தேடிப் பாத்தேன், டென்னிஸ் பத்தி பத்துப் பக்கம் இருக்கு, கோல்ஃப் பத்தி ரெண்டே வரி. தெரிஞ்சவங்க சொல்லுங்களேன், எழுத விசயம் இருக்கா இல்லையா?

ஈப்போரோட்காரன்:
இருக்குக்கா, நிறையவே இருக்கு. மொதல்ல ஏன் டென்னிஸ விட்டாங்கன்னு தங்கச்சிக்கு சொல்லுங்க. 1957, 1958 ரெண்டு வருசமும் விம்பிள்டன், அமெரிக்கா பட்டம் ரெண்டும் அவங்கதான், எலிசபெத் ராணி கையால பரிசுத் தட்டு வாங்குனாங்க, நியூயார்க்ல ஊர்வலம் வெச்சாங்க. ஆனா அப்ப டென்னிஸ் அமெச்சூர் ஆட்டம், பரிசுப் பணம்னு ஒண்ணும் கிடையாது. தட்ட வீட்டுல வெச்சுக்கிட்டு வாடகை எப்படி கட்டுறது? ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் பாஸ்கெட்பால் ஆட்டத்துக்கு முன்னாடி கண்காட்சி டென்னிஸ் ஆடி சம்பாதிச்சாங்க, பாட்டு கூட பாடிப் பாத்தாங்க. அதுக்கப்புறம்தான் கோல்ஃப். 1964-ல எல்பிஜிஏ-ல, அதாவது அமெரிக்காவுல பொம்பளைங்களோட தொழில்முறை கோல்ஃப் சங்கத்துல, சேந்தாங்க, அதுல சேந்த முதல் கறுப்பினப் பெண் அவங்கதான். 1927-ல பொறந்தவங்க, கணக்கு போட்டுப் பாருங்க, மத்தவங்க ஓய்வு எடுக்குற வயசுல இவங்க புதுசா ஒரு ஆட்டத்த தொழிலா எடுத்துக்கிட்டாங்க.

உங்க அண்ணன் சொல்றது பாதி சரி, ஜெயிக்கல. 1970-ல ஒஹாயோ பக்கம் ஒரு போட்டியில சமமா வந்து, யாரு ஜெயிச்சதுன்னு முடிவு பண்ற பிளேஆஃப் வரைக்கும் போயி ரெண்டாவது இடம், அதான் பெஸ்ட். 1966-ல பரிசுப் பணம் யாரு எவ்வளவு வாங்குனாங்கங்கிற வரிசையில 27-வது. இத்தன வருசம் ஆடியும் மொத்தமா 25,000 டாலர தாண்டல. ஆனா இந்த நம்பர மட்டும் எழுதுனா அது பொய் மாதிரி ஆயிடும், ஏன்னா அவங்க எந்த நெலமையில ஆடுனாங்கங்கிறது அதுல இல்ல. எல்பிஜிஏ சட்டத்துல நிறம் பாக்கல (ஆம்பளைங்க பிஜிஏ சட்டத்துலயே 1961 வரைக்கும் வெள்ளைக்காரங்க மட்டும்னு எழுதி வெச்சிருந்தாங்க). ஆனா திடல் எல்லாம் தனியார் கிளப்போடது. தெற்கு மாநிலங்கள்ல சில கிளப்பு ஆடவே விடல, சிலது ஆட விட்டும் கிளப்ஹவுஸ் உள்ள விடல, கார்ல உக்காந்து உடுப்பும் சப்பாத்தும் மாத்திக்கிட்டு நேரா திடலுக்கு போயிருக்காங்க. ஹோட்டல்ல ரூம் கிடையாது. அப்படியும் 170-க்கு மேல போட்டி, 1970-கள் கடைசி வரைக்கும்.

புக்கிட் ஜம்புல் தாத்தா:
நான் பினாங்குல 14 வயசுல இருந்து கோல்ஃப் பை தூக்குற கேடி வேலை செஞ்சவன்மா, இப்ப வயசு 71. தம்பி சொன்னதுல ஒண்ண கூட்டிச் சொல்றேன். கோல்ஃப்ல பந்து தூரமா போறது பெருசு இல்ல, அந்தம்மா உயரமானவங்க, நல்லா தூரம் அடிப்பாங்க. காசு கிரீன்லதான் இருக்கு, அதான் குழிய சுத்தி இருக்குற வழவழப்பான புல்லு. கிரீன் எந்தப் பக்கம் சரியுது, காலையில பனி இருக்கும்போது எப்படி ஓடும், மத்தியானம் எப்படி ஓடும், இதெல்லாம் முன்னாடி நாளே வந்து நடந்து பாக்கணும், நாலு பந்து உருட்டிப் பாக்கணும். ராத்திரி எங்க தங்குறதுன்னே தெரியாம வண்டி ஓட்டிக்கிட்டு வர்றவங்களுக்கு அந்த நிம்மதி எங்க இருந்து வரும்? ரெண்டு ஷாட்டு தப்புனா கட் போச்சு, அதாவது கடைசி சுற்றுக்குப் போக முடியாது, கட் போனா காசு இல்ல, காசு இல்லன்னா அடுத்த ஊருக்குப் போக பெட்ரோல் இல்ல. அதான் கோல்ஃப்.

எங்க காலத்துல நாங்களும் கிளப்பு பின்வாசல்தான். நாலு மணி நேரம் கூடவே நடந்து, எந்தக் கட்டை எடுக்கணும்னு நாங்க சொல்லி ஆடுறவங்க ஜெயிச்சுட்டு உள்ள போவாங்க, நாங்க வெளிய மரத்தடியில உக்காந்து சம்பளத்துக்கு காத்திருப்போம். திங்கக்கிழமை மட்டும் எங்கள ஆட விடுவாங்க. அப்புறம் ராமையா, நாச்சிமுத்து, குணசேகரன்னு கோல்ஃப் ஆடுன நம்ம ஆளுங்க பேரு பேப்பர்ல வந்தப்ப எங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல. பேத்தி அத எழுதட்டும்மா, மார்க் வரும்.

கெப்போங் பொண்ணு:
எனக்கு ரொம்ப புடிச்சது அவங்களுக்கு அப்புறம் வந்தவங்க கதை. ரெனீ பவல் 1967-ல எல்பிஜிஏ-க்கு வந்தாங்க, ரெண்டாவது கறுப்பினப் பெண். இவங்க அப்பாவ கிளப்புல ஆட விடலன்னு அவரே ஒஹாயோவுல நிலம் வாங்கி கையால ஒரு திடல் கட்டுனாரு, கிளியர்வியூன்னு பேரு. 2015-ல ஸ்காட்லாந்துல இருக்குற பழைய செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் கிளப்பு 260 வருசத்துக்கு அப்புறம் முதல் தடவ பொம்பளைங்கள உறுப்பினரா சேத்தப்ப அதுல ரெனீயும் ஒருத்தவங்க. கடைசிப் பக்கத்துல கெல்லி டான் பேர போடலாம், ஜொகூர் பத்து பகாட் பொண்ணு, எல்பிஜிஏ-ல ஆடுன மலேசியர்.

இன்னொண்ணு, அல்தியா கடைசி காலத்துல உடம்பு முடியாம, மருந்துக்கும் வாடகைக்கும் காசில்லாம கஷ்டப்பட்டப்ப கை குடுத்தது ஏஞ்சலா பக்ஸ்டன், 1956-ல ரெண்டு பேரும் ஜோடியா விம்பிள்டன் ஜெயிச்சவங்க. அவங்க யூதப் பொண்ணு, அவங்களையும் கிளப்பு சேத்துக்கல. அத விட்டுடாதீங்க.

செந்தூல் அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இத அப்படியே அண்ணனுக்கு படிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசல, தாத்தா எழுதுனத மட்டும் திரும்ப ஒரு தடவ படிக்கச் சொன்னாரு. எங்க அப்பாவும் தோட்டத்து கிளப்புல தொரைக்கு பை தூக்குனவருதான். மக முதல் பக்கத்துக்கு படம் வரைய ஆரம்பிச்சிட்டா, கார் கதவு தொறந்திருக்கு, ஒரு பொம்பள குனிஞ்சு சப்பாத்து மாட்டுறாங்க. தாத்தா, அந்தக் காலத்து கோல்ஃப் சப்பாத்துக்கு அடியில எப்படி இருக்கும்னு கேக்குறா.

புக்கிட் ஜம்புல் தாத்தா:
இரும்பு ஆணிமா, இப்ப இருக்குற பிளாஸ்டிக் இல்ல. புல்லுல சத்தமே வராது, சிமெண்டுல நடந்தா டக் டக்னு கேக்கும். கார் நிக்கிற இடத்துல இருந்து திடலுக்கு சிமெண்டு பாதைதான் இருக்கும், பாப்பாவ அத வரையச் சொல்லு.