சிறுதொழிலின் கணக்குக்கு விரிதாள் போதுமா, தனி மென்பொருள் வேண்டுமா?

விரிதாள்வாசி:
ஐந்தாறு பேருக்குள் நடக்கும் தொழிலுக்கும்கூட மாதச் சந்தா வாங்கும் கணக்கு மென்பொருளைப் பரிந்துரைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இதை நான் ஏற்கவில்லை. விற்பனை, செலவு, வரவேண்டிய பாக்கி, சரக்கு இருப்பு ஆகிய நான்கையும் எக்செல் போன்ற விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) மென்பொருளின் ஒரே கோப்பில் நான்கு தாள்களாக வைத்துக்கொண்டால் அத்தகைய தொழிலுக்கு அது தாராளமாகப் போதும். 1979-ல் வெளிவந்த தனிக்கணினிக்கான முதல் விரிதாளான விசிகால்க்தான் தொழில் செய்பவர்களை அந்தக் கணினியின் பக்கம் திருப்பியது. கணக்கு எழுதத் தெரிந்தவர் நிரல் எழுதத் தெரியாமலேயே தமக்கு வேண்டிய கருவியைத் தாமே அமைத்துக்கொள்ள அது வழி செய்தது. அந்தச் சுதந்திரத்தை எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? எக்செல்லின் ஒரு தாளில் 10,48,576 வரிசைகள் உள்ளன. நாளுக்கு 50 பில் போட்டாலும் அது நிரம்ப அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகும். லிப்ரே ஆபீஸின் கால்க் என்னும் விரிதாள் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது; இணைய இணைப்பு இல்லாதபோதும் இயங்குகிறது.

பேரேடு:
வரிசைகள் போதாமல் போவதால் யாரும் கணக்கு மென்பொருளுக்கு மாறுவதில்லை, நண்பரே. ஆனாலும் வரிசைகளைப் பற்றி நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். 2020-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கொரோனா பரிசோதனை முடிவுகளைப் எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பில் ஏற்றியபோது, அந்த வடிவத்தின் எல்லையான 65,536 வரிசைகளைத் தாண்டியவை சத்தமில்லாமல் வெட்டுப்பட்டன. 15,841 தொற்றாளர்கள் அன்றாட எண்ணிக்கையில் சேராமல் விடுபட்டார்கள். கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சராசரி காணும் சூத்திரம் 5 நாடுகளின் வரிசைகளை விட்டுவிட்டிருந்ததை 2013-ல்தான் பிறர் கண்டுபிடித்தார்கள். இரண்டு இடங்களிலும் விரிதாள் எந்த எச்சரிக்கையும் தரவில்லை என்பதையே நான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

சிறுதொழிலில் இதே கோளாறு எப்படி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வங்கியின் இணையதளத்திலிருந்து இறக்கிய பட்டியலை உங்கள் தாளில் ஒட்டுகிறீர்கள். அதில் ஒரு தொகைக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கிறது. அந்தக் கட்டத்தை எக்செல் எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் உரையாக எடுத்துக்கொள்கிறது. மொத்தம் காணும் 'சம்' சூத்திரம் அதைக் கூட்டாமல் கடந்துபோகிறது. தொகை கண்ணெதிரே இருக்கும், மொத்தத்தில் மட்டும் இருக்காது. 1494-ல் லூக்கா பாச்சோலி என்னும் இத்தாலியக் கணித அறிஞர் அச்சில் விளக்கிய, ஒவ்வொரு பரிவர்த்தனையையும் பற்று, வரவு என இரு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவு முறையில், பற்றும் வரவும் பொருந்தாதபோது கணக்கே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கணக்கு மென்பொருளில் அந்த முறை உள்ளேயே இருக்கிறது. விரிதாளில் அதை நீங்கள்தான் கட்ட வேண்டும், பெரும்பாலோர் கட்டுவதில்லை.

விரிதாள்வாசி:
நீங்கள் சொல்லும் பிழைக்கு ஒரே வரியில் மருந்து இருக்கிறது. தொகை நெடுவரிசையின் அருகில் 'கவுன்ட்' சூத்திரத்தையும் 'கவுன்ட்-ஏ' சூத்திரத்தையும் போடுங்கள். முன்னது எண்களை மட்டும் எண்ணும், பின்னது வெறுமையாக இல்லாத எல்லாக் கட்டங்களையும் எண்ணும். இரண்டும் ஒத்துவரவில்லையென்றால் ஏதோ ஒரு தொகை உரையாகக் கிடக்கிறது என்று பொருள். புதிய வரிசைகள் மொத்தத்தில் சேராமல் போகாதிருக்க, பட்டியலைத் தேர்ந்து 'கன்ட்ரோல்-டி' அழுத்தி அட்டவணையாக மாற்றிவிட்டால், கீழே எழுத எழுத அட்டவணையும் அதைச் சார்ந்த சூத்திரமும் தாமே நீளும். தரவுச் சரிபார்ப்பு வசதியை வைத்துத் தேதிக் கட்டத்தில் தேதியைத் தவிர வேறெதையும் தட்ட முடியாதபடி செய்யலாம். இவற்றைக் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். சந்தா மென்பொருளில் செலவைத் தவறான தலைப்பில் எழுதினால் பற்றும் வரவும் அழகாகப் பொருந்தத்தான் செய்யும், கணக்கு மட்டும் தவறாக இருக்கும். அதை எந்த மென்பொருள் தடுக்கும்?

வெளிவாசல்:
இருவரும் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். வெளியேறும் நாளைப் பற்றி யாரும் பேசவில்லை. வுண்டர்லிஸ்ட் என்னும் பணிப்பட்டியல் சேவையை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கி 2020 மே மாதத்தில் மூடியது. கூகுள் வணிகச் சுயவிவரத்தின் வழியாகச் சிறுதொழில்கள் இலவசமாக அமைத்திருந்த இணையதளங்களை அந்நிறுவனம் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இலவசமோ சந்தாவோ, பிறர் வீட்டில் வைத்த கணக்கை ஒருநாள் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும்.

ஆகவே எந்தக் கருவியானாலும் முன்னோட்டக் காலத்திலேயே இதைச் செய்து பாருங்கள்: பத்துப் பரிவர்த்தனைகளை எழுதுங்கள், அவற்றில் ஒன்றைப் பாதிப் பணம் மட்டும் வந்த கடன் விற்பனையாக வையுங்கள், இன்னொன்றுடன் ரசீதின் படத்தை இணையுங்கள். பிறகு எல்லாவற்றையும் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக) இறக்கி வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். வரி தனி நெடுவரிசையில் வருகிறதா? மீதிப் பாக்கி எந்தப் பில்லுக்கு உரியது என்று தெரிகிறதா? இணைத்த படம் உடன் வருகிறதா? பிடிஎஃப் அறிக்கையாக மட்டுமே தரும் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அதிலிருந்து கணக்கை வேறிடத்தில் மீண்டும் ஏற்றுவது பெரும்பாடு.

விரிதாள்வாசிக்கும் ஒரு கேள்வி உண்டு. கூகுளின் இணைய விரிதாளான கூகுள் ஷீட்ஸில் இருக்கும் கணக்குக் கோப்பு யாருடைய மின்னஞ்சல் கணக்கில் உருவாக்கப்பட்டது? ஊழியர் ஒருவர் தம் சொந்தக் கணக்கில் தொடங்கிப் பிறருக்குப் பகிர்ந்திருந்தால் அந்தக் கோப்பின் உரிமையாளர் அவர்தான். அவர் வேலையை விட்டுப் போன பின் அதை அழித்தால் உங்களால் தடுக்க முடியாது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியையும் கூகுள் 2023-ல் கொண்டுவந்திருக்கிறது. தொழிலின் பெயரில் ஒரு கணக்கு, அதற்கு இரட்டைச் சரிபார்ப்பு, மாதம் ஒருமுறை வேறொரு வட்டில் காப்புநகல் ஆகிய மூன்றும் இல்லாதவரை எந்தக் கருவி சிறந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை.

பணிமனை:
மூன்று பேர் ஒரே கணக்கில் எழுதும் தொழில் எங்களுடையது. கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'இறுதி', 'இறுதி 2', 'புதிய இறுதி' என்று நகல்கள் பெருகி, எது உண்மையான கணக்கு என்பதே தெரியாமல் போவதுதான் நாங்கள் பட்ட தொல்லை. பகிர்ந்த தாளுக்கு மாறிய பின் பதிப்பு வரலாற்றைத் திறந்து யார் எப்போது எந்தக் கட்டத்தை மாற்றினார் என்று பார்க்க முடிகிறது. இப்போது பில் போடுவதும் பாக்கியும் மென்பொருளில். அடுத்த மாதச் செலவுத் திட்டமும் விலை நிர்ணயமும் விரிதாளில். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதில் என்ன தவறு?

பேரேடு:
தவறில்லை, ஆனால் போக்குவரத்து ஒருவழியாக இருக்க வேண்டும். மென்பொருளிலிருந்து இறக்கிய தொகைகள் விரிதாளுக்குப் போகலாம். விரிதாளில் கையால் திருத்திய தொகை மென்பொருளுக்குத் திரும்பக் கூடாது. ஒரே தொகையை இரண்டு இடங்களில் தட்டச்சு செய்தால் இரண்டும் வேறுபடும் நாள் வந்தே தீரும்.

இறக்கிய சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள் என்பதையும் வலியுறுத்துகிறேன். பூஜ்யத்தில் தொடங்கும் பொருள் குறியீட்டின் முதல் பூஜ்யத்தை எக்செல் தின்றுவிடும், 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணின் கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும், சில குறியீடுகளைத் தேதியாக மாற்றிவிடும். மார்ச், செப்டம்பர் ஆகிய மாதப் பெயர்களைப் போலத் தோன்றும் குறுக்கப் பெயர்கள் கொண்ட மரபணுக்கள் இப்படித் தேதிகளாக மாறிக்கொண்டே இருந்ததால், பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றி 2020-ல் புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. 'தரவு' பட்டியின் வழியாகக் கோப்பை உள்ளிழுத்து, குறியீட்டு நெடுவரிசையை 'உரை' என்று குறித்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

விரிதாள்வாசி:
வெளிவாசல் எழுப்பிய உரிமையாளர் கேள்வி நியாயமானது. தொழிலின் பெயரில் கணக்கு வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் என் நிலை மாறவில்லை. பில் எழுதுபவர் ஒருவராக இருக்கும்வரை, மேலே சொன்ன சரிபார்ப்புகளுடன் விரிதாளே போதும். இரண்டாவது ஆள் பில் எழுதத் தொடங்கும்போது, ஒரே பில் எண் இரண்டு முறை விழும் வாய்ப்பு வருகிறது. அன்று மென்பொருளைத் தேடலாம்.

பேரேடு:
ஆள் எண்ணிக்கையை எல்லையாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ரொக்கத்துக்கு மட்டும் விற்கும் நான்கு பேருக்கு விரிதாள் போதும். தவணையாகவும் பகுதியாகவும் பணம் வாங்கும் ஒற்றை ஆளுக்குப் போதாது. வாடிக்கையாளர் மூன்று பில்களுக்குச் சேர்த்து ஒரே தொகையை அனுப்பி, அதில் ஒரு பில்லுக்கான சரக்கில் பாதியைத் திருப்பியும் அனுப்பினால், அந்த வரவை உங்கள் நான்கு தாள்களில் எந்த வரிசையில், எந்தப் பில்லுக்கு எதிராக எழுதுவீர்கள்? அதற்கு உங்கள் தாளில் இருக்கும் அமைப்பை இங்கே விளக்குங்கள். பிறகு தொடர்ந்து பேசுவோம்.