பெரம்பூர் வீட்டுக் குடில்: எங்கள் குடும்பக் குழு உரையாடல்

நவம்பர் 29, சனிக்கிழமை

பெரம்பூர் பெரியம்மா, மாலை 6.10
இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நாளை திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. எல்லாரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு கிறிஸ்து பிறப்புக் காட்சியைக் காட்டும் குடிலைக் கடையில் வாங்க வேண்டாம். ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பகுதியைத் தங்கள் கையால் செய்து கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் பெரம்பூர் வீட்டுக் கூடத்தில் ஒன்றுசேர்த்து அமைப்போம். கொஞ்ச காலமாக அட்டைப் பெட்டியைத் திறந்து, மின்கம்பியைச் செருகினால் குடில் முடிந்துவிடுகிறது. நான்கு வாரம் ஆண்டவருக்காகக் காத்திருக்கச் சொல்கிறது திருச்சபை. அந்த நான்கு வாரமும் வீட்டில் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை என்றால், காத்திருப்பது என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

வேளச்சேரி சித்தப்பா, மாலை 6.32
அண்ணி, உங்கள் விருப்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சென்னையில் இது மழைக்காலம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காகிதம் நமத்துப்போகும், பசை காயாது, எங்கள் பகுதியில் தெருவில் தண்ணீர் நின்றுவிட்டால் செய்த பொருளைப் பத்திரமாகக் கொண்டுவருவதும் கடினம். வேலைக்குப் போகிறவர்கள் இரவு ஒன்பது மணிக்குமேல்தான் வீடு திரும்புகிறோம். ஒரு நல்ல குடிலை நானே வாங்கித் தந்துவிடுகிறேன். மீதி நேரத்தில் குடும்ப செபத்துக்கு ஒன்றுகூடலாமே.

பெரம்பூர் பெரியம்மா, மாலை 6.58
தம்பி, வாங்கித் தருகிறேன் என்று நீங்கள் சொன்னதில் உங்கள் அன்பு தெரிகிறது. ஆனால் செபத்தையும் இந்த வேலையையும் நான் தனித்தனியாகப் பார்க்கவில்லை. 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோலைப் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் அதன் பக்கத்தில் நிறுத்தி, அங்கேயே திருப்பலி நடக்கச் செய்தார். அவர் குரு அல்லர், குருவுக்கு அடுத்த நிலையிலுள்ள திருத்தொண்டர். அன்று நற்செய்தியைப் பாடியவர் அவரே. அந்தக் குடிலில் ஒரு சொரூபம்கூட இல்லை. வைக்கோல் சுமந்து வந்தவர்களும், விளக்கேந்தி வந்த ஊர் மக்களும்தான் அங்கே மாதாவுக்கும் சூசையப்பருக்கும் இடையர்களுக்கும் பதிலாக நின்றவர்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் முதல் நாளில் அதே ஊருக்குப் போய், குடிலைப் பற்றிய திருமடலில் கையொப்பமிட்டார். வீடுகளில் குடில் அமைக்கும் வழக்கம் தளரக் கூடாது என்றும், தளர்ந்த இடங்களில் அதை மீட்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறார். மழைக்கு ஏற்ற வழியைக் கண்டுபிடிப்போம். மின்விசிறிக்குக் கீழே காயாத பசை எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

புரசை மாமா, இரவு 7.20
ஸ்தோத்திரம் அக்கா. எங்கள் லுத்தரன் சபைக்காரர்கள் சார்பில் நட்சத்திரத்தையும் வருகைக்கால மலர்வளையத்தையும் நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன். வளையத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1839இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில், ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விகெர்ன் என்ற லுத்தரன் போதகர் ஒரு வண்டிச் சக்கரத்தின்மேல் நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் இருபது சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் நிறுத்தினார். வார நாளுக்கு ஒரு சிவப்பு, ஞாயிற்றுக்கு ஒரு வெள்ளை. பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகள், தாங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே, பிள்ளைகளுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அக்கா சொல்வதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

புரசை அத்தை, இரவு 7.26
அண்ணி, வளையத்துக்கு இங்கே ஊசியிலை மரக் கிளைக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். சவுக்குக் கிளையே போதும், எங்கள் வீட்டில் எப்போதும் அதுதான். ஒரு வாரத்தில் காய்ந்துவிடும் என்பதால் ஞாயிறுதோறும் பழையதை எடுத்துவிட்டுப் புதிய கிளையைச் சுற்ற வேண்டும். மெழுகுவர்த்திகளை மண் அகலில் நிறுத்தி, தழையிலிருந்து எட்டவே வைப்போம். உங்கள் வழக்கப்படி மூன்று ஊதாவும், மூன்றாம் ஞாயிற்றுக்கு இளஞ்சிவப்பு ஒன்றும் வாங்கிவிடுகிறேன்.

என் அண்ணி, இரவு 9.45
இப்போதுதான் அலுவலகப் பேருந்தில் சோழிங்கநல்லூரிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். பெரியம்மா, எனக்கு மலை வேலையைக் கொடுங்கள். சனிக்கிழமை ஒரு மதியம் கிடைத்தால் முடித்துவிடுவேன். எங்கள் அம்மா வீட்டில் அட்டைப் பெட்டிகளை ஏற்ற இறக்கமாக அடுக்கி, பழைய வேட்டித் துணியைக் கெட்டியான வடிகஞ்சியில் தோய்த்து அதன்மேல் போர்த்தி, மடிப்பு மடிப்பாக இழுத்துவிட்டுக் காயவைப்பார்கள். இரண்டு நாளில் பாறைபோல விறைத்துவிடும். பிறகு காவியும் அடுப்புக்கரியும் கரைத்துப் பூசினால் போதும். காகித மலையைவிட மழைக்காலத்துக்கு இது உகந்தது.

டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை

நான், காலை 10.15
இரண்டாம் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டோம். இன்று பரணிலிருந்து பழைய மண் சொரூபங்களை இறக்கிப் பார்த்தேன். சூசையப்பரின் வலக்கை மணிக்கட்டோடு உடைந்திருக்கிறது, இடையர்களில் ஒருவரின் தோளிலிருந்த ஆட்டுக்குட்டியைக் காணவில்லை, பாலனைக் காண வந்த ஞானிகளில் இருவர்தான் இருக்கிறார்கள். மாதா சொரூபம் மட்டும் கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. கொசப்பேட்டைக்குப் போய்ப் புதிய தொகுதி வாங்கிவிடலாமா பெரியம்மா?

பெரம்பூர் பெரியம்மா, காலை 10.40
வாங்க வேண்டாம் கண்ணு, சூசையப்பர் கையை நாமே ஒட்டிவிடலாம். சுட்ட மண்ணின்மேல் ஈரக் களிமண்ணை வைத்தால் காயும்போது சுருங்கிக் கழன்றுவிடும். அதனால் காகிதக் கூழ்தான் சரி. செய்தித்தாளைக் கிழித்து ஓரிரவு ஊறவைத்து, அரைத்து, நீரை நன்றாகப் பிழிந்துவிட்டு, சுண்ணக்கட்டிப் பொடியும் பெவிக்காலும் சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்துகொள். உடைந்த இடத்தில் மெல்லிய துளையிட்டு ஓர் ஈர்க்குச்சியைச் செருகி, அதைச் சுற்றி விரலால் கையை உருவாக்கு. ஒரே நாளில் முடிக்க நினைக்காதே. மெல்லிய பூச்சாகப் பூசி, அது காய்ந்தபின் அடுத்த பூச்சு. கடைசியில் உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் தீட்டலாம். தச்சர் அவர், கைதான் அவருக்கு எல்லாம். அதைத் திருத்தும் வேலை உனக்கு வாய்த்தது எனக்கு மகிழ்ச்சி. வேலை செய்யும் நேரத்தில் வேலை தேடிக்கொண்டிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்காக அவரிடம் வேண்டிக்கொள்.

என் அண்ணி, காலை 11.05
பாப்பா மறைக்கல்வி வகுப்பிலிருந்து ஒரு கேள்வியோடு வந்திருக்கிறாள். மாடும் கழுதையும் நற்செய்தியில் எங்கே வருகின்றன என்றும், ஞானிகள் இருவர்தான் இருக்கிறார்கள் என்றால் குடில் தவறாகிவிடுமா என்றும் கேட்கிறாள்.

புரசை மாமா, காலை 11.30
பாப்பாவுக்கு என் பாராட்டைச் சொல்லம்மா. லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் பிள்ளையைத் துணிகளில் சுற்றி முன்னணையில், அதாவது தீவனத் தொட்டியில், கிடத்தினார்கள் என்று மட்டுமே இருக்கிறது. மாடும் கழுதையும் அங்கே இல்லை. ஏசாயா தீர்க்கதரிசி தம் புத்தகத்தின் தொடக்கத்திலேயே, மாடு தன் எஜமானை அறியும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையை அறியும், என் ஜனமோ உணர்வில்லாமல் இருக்கிறது என்று தேவன் வருந்துவதாகச் சொல்கிறார். அந்த வசனத்தை மனத்தில் வைத்துத்தான் பழங்காலத்துக் கிறிஸ்தவர்கள் அந்த இரு பிராணிகளையும் பிள்ளையின் பக்கத்தில் நிறுத்தினார்கள். சாஸ்திரிகள், அதாவது நீங்கள் சொல்லும் ஞானிகள், மூவர் என்று மத்தேயு எழுதவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று இருந்ததால் ஆளும் மூவர் என்று வழங்கலாயிற்று. ஆகையால் இருவர் இருந்தாலும் வேதத்துக்கு விரோதம் இல்லை. ஆனால் மூன்றாமவரைப் பாப்பாவே களிமண்ணில் செய்தால், அந்தக் குடிலில் அவரைவிட அழகானவர் வேறு யாரும் இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பெரம்பூர் பெரியம்மா, காலை 11.48
ஞானிகளைத் தொடக்கத்திலேயே குடிலுக்குள் வைக்கக் கூடாது. அவர்கள் தொலைவிலிருந்து வருகிறவர்கள். 24ஆம் தேதி தையல் இயந்திரத்தின்மேல் நிறுத்துவோம். நாள்தோறும் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரியில், ஞானிகள் பாலனைக் கண்டதைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா அன்று குடிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இன்னொன்றும் என் மனத்தில் இருக்கிறது. குடிலில் பிச்சைக்காரர்களையும், கொல்லரையும், ரொட்டி சுடுகிறவரையும், தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்களையும் வைக்கும் வழக்கத்தைத் திருத்தந்தை அந்தத் திருமடலில் மனமுவந்து ஏற்றிருக்கிறார். நற்செய்தியில் இல்லாவிட்டாலும் அவர்களுக்கு அங்கே இடம் உண்டு என்கிறார். அப்படியானால் நம் தெருவின் மக்களுக்கும் இடம் உண்டு. விடியுமுன் வந்து குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளரையும், காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவையும், உங்கள் பெரியப்பாவைப்போல ஐ.சி.எஃப்.இல் ரயில் பெட்டிக்குத் தகடு அடித்த தொழிலாளியையும் பிள்ளைகள் களிமண்ணில் செய்யட்டும். ஒரு சாண் உயரத்துக்குமேல் வேண்டாம். மழைக்காலத்தில் மெதுவாகத்தான் காயும். மெதுவாகக் காய்வது நல்லதே, வெடிப்பு விழாது. உருவத்தைச் செய்யும்முன் அந்த மனிதரிடம் பிள்ளைகள் போய்ப் பேச வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. பெயர் தெரியாதவரைச் செய்யக் கூடாது.

வேளச்சேரி சித்தப்பா, நண்பகல் 12.20
அண்ணி, இதைப் படித்தபிறகு எனக்கும் ஒரு பங்கு வேண்டும் போலிருக்கிறது. வெள்ளம் வந்த நாள்களில் எங்கள் அடுக்ககத்துக்குப் படகில் பால் கொண்டுவந்து கொடுத்த இளைஞரைச் செய்யலாம் என்று என் மகன் சொல்கிறான். அவர் இன்னும் எங்கள் பகுதியில்தான் இருக்கிறார். இன்று மாலை அவனை அழைத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறேன். குடில் வாங்க எடுத்துவைத்த பணத்தை உங்கள் பங்குக் கோவிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்குக் கொடுத்துவிடுகிறேன்.

டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை

துபாய் தம்பி, பிற்பகல் 2.10
அம்மா, இந்த ஆண்டும் விடுப்புக் கிடைக்கவில்லை. மாமா செய்யும் நட்சத்திரத்தை நானும் இங்கே அறையில் செய்து தொங்கவிட விரும்புகிறேன். செய்முறையைச் சொல்வீர்களா மாமா?

புரசை மாமா, பிற்பகல் 2.45
சொல்கிறேன் தம்பி. ஒரே நீளமுள்ள பத்து மூங்கில் தப்பைகளை எடுத்துக்கொள். ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து முனைகளைச் சணல் நூலால் கட்டினால் ஒரு நட்சத்திரம். இன்னோர் ஐந்தில் அதேபோல மற்றொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டு. உள்ளே தப்பைகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் விரல் நீளக் குச்சியைக் கொடுத்து விரித்தால் நடுப்பகுதி உப்பிக்கொள்ளும். அதன்மேல் பட்டத் தாளை ஒட்டி, உள்ளே எல்.இ.டி. விளக்கை வைத்துவிடு, பழைய குண்டு விளக்கு சூடாகும் என்பதால் வேண்டாம். ஆண்டர்சன் தெருவில் நான் வாங்கிய தாள் சிவப்பும் வெள்ளையும். மாடியில் தொங்கும் நட்சத்திரத்துக்கு மட்டும் மழைக்காகக் கண்ணாடித் தாள் ஒட்டியிருக்கிறேன்.

ஜெர்மனியின் மொராவியன் சபையார் வேறொரு வகை செய்வார்கள். 1830களில் நீஸ்கி என்ற ஊரின் பள்ளியில் வடிவியல் பாடத்துக்காகத் தொடங்கியது அது. பதினேழு நாற்கரக் கூம்புகளும் எட்டு முக்கோணக் கூம்புகளுமாக இருபத்தைந்து முனைகள். தூர தேசங்களில் ஊழியம் செய்த பெற்றோரைப் பிரிந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள், வருகைக்காலத்தில் அவற்றைச் செய்து தொங்கவிட்டார்கள். அடுத்த ஆண்டு நீ இங்கே வரும்போது இருவரும் சேர்ந்து அதைச் செய்வோம்.

துபாய் தம்பி, பிற்பகல் 3.05
மிக்க நன்றி மாமா. என் அறையிலுள்ள பிலிப்பைன்ஸ் நண்பர் இதன் படத்தைப் பார்த்தவுடன், தங்கள் ஊரிலும் மூங்கிலும் தாளும் கொண்டு இதே நட்சத்திரத்தைச் செய்வோம் என்று சொல்லி, கத்தியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். 24ஆம் தேதி இரவு நீங்கள் லூக்கா நற்செய்தி வாசிக்கும் நேரத்தில் என்னைக் காணொலியில் அழையுங்கள் அம்மா. இங்கே ஒன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், நான் வேலை முடிந்து வந்திருப்பேன்.

பெரம்பூர் பெரியம்மா, பிற்பகல் 3.30
கட்டாயம் அழைக்கிறேன் அய்யா. பாலன் இயேசுவைத் தொட்டியில் வைக்கும்முன் உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன்.

மற்றவர்களுக்கு: இன்றிரவே கேழ்வரகை ஊறவைத்து, காலையில் ஈரத் துணியில் முடிந்துவிடுங்கள், முளைவிட்டதும் மண் நிரப்பிய தட்டில் தூவினால் 24ஆம் தேதிக்குள் குடிலுக்குப் பசும்புல் வளர்ந்துவிடும். தண்ணீர் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும், தெளித்தால் போதும். பக்கத்து வீட்டு மாமி தம் கொலுப்படிகளை மலைக்கு அடியில் போடத் தருகிறார்கள். வைக்கோல் நம் தெருப் பால்காரரின் தொழுவத்திலிருந்து வந்துவிட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் வைத்திருக்கிறேன். யாருக்காவது நன்மை செய்த நாளில் பிள்ளைகள் ஒரு வைக்கோலைத் தொட்டியில் இட வேண்டும். என்ன செய்தோம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. பெரியவர்களும் இடலாம்.

நான், மாலை 4.15
பெரியம்மா, சூசையப்பரின் கை மூன்றாம் பூச்சும் காய்ந்துவிட்டது. வரும் சனிக்கிழமை மலையோடு அண்ணியும் நானும் ஒரே வண்டியில் வருகிறோம்.

பெரம்பூர் பெரியம்மா, மாலை 4.22
நல்லது கண்ணு. வரும்போது உப்புத்தாள் இரண்டும், மெல்லிய தூரிகை ஒன்றும் வாங்கி வா. மதியச் சாப்பாடு இங்கேதான், யாரும் சமைத்து எடுத்துவர வேண்டாம்.