உருளைக்கிழங்கு இல்லாமல் குடைமிளகாய்க்குள் எதை அடைக்கலாம்?

செம்பூர் மருமகள்:
சர்க்கரை நோய் உள்ள என் மாமனாருக்கு மாலைத் தேநீருடன் காரமாக ஏதாவது வேண்டும். வடாபாவையும் பஜ்ஜியையும் நிறுத்திவிட்டோம். குடைமிளகாயில் பனீரை அடைத்துக் கடாயில் மூடி வேகவைத்தால், நீர் விட்டுக் குழைந்துவிடுகிறது. பூரணம் இறுகக் கடலை மாவு சேர்க்கலாமா? வீட்டில் ஓவன் கிடையாது.

மாட்டுங்கா அடுக்களை:
ஓவன் தேவையில்லை, மூடியை எடுத்துவிடுங்கள். குடைமிளகாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான், பனீரிலும் ஏறக்குறைய பாதி நீர். உப்புப் பட்டதும் இரண்டும் நீர்விடும். மூடி வைத்தால் ஆவியும் அதிலேயே இறங்கும். எனவே மிளகாயை நீளவாக்கில் பிளந்து, விதையை நீக்கி, எண்ணெய் தடவிய இரும்புக் கல்லில் வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, சதை லேசாகச் சிவக்கும்வரை வாட்டிக்கொள்ளுங்கள். உதிர்த்த பனீரை வெங்காயம், இஞ்சி, சீரகத்துடன் ஈரம் வற்ற வதக்கி, அடுப்பை அணைத்த பிறகே உப்புச் சேர்த்து, ஆறியதும் அடைத்து, தோல் பக்கம் கல்லில் படும்படி மீண்டும் சிறிது நேரம் வைத்தால் போதும். கொத்தமல்லித் தழையைப் பரிமாறும்போது தூவுங்கள். முன்பே கலந்தால் அதுவும் நீர்விடும்.

கடலை மாவு குறித்துச் சற்று எச்சரிக்கை வேண்டும். நூறு கிராமில் சுமார் 58 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. வறுத்த மாவு ஒரு தேக்கரண்டி என்றால் தவறில்லை, அதுவே பூரணமாகிவிடக் கூடாது.

தாதர் வாசகர்:
அந்த ஒரு கரண்டியும் தேவையில்லை என்பது என் கருத்து. இங்கே மும்பையில் மராத்தி வீடுகளில் செய்வதுபோல வறுத்த வேர்க்கடலையையும் எள்ளையும் கொரகொரப்பாகப் பொடித்துச் சேர்த்தால், பனீரின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். வேர்க்கடலையில் மாவுச்சத்து நூறு கிராமுக்குச் சுமார் 16 கிராம்தான், அதிலும் பாதி நார்ச்சத்து. சிலர் வெல்லமோ சர்க்கரையோ சேர்ப்பார்கள். அதை விட்டுவிட்டு எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். குடைமிளகாய் சலித்துவிட்டால், சந்தையில் கிடைக்கும் நீளமான பாவ்நகரி மிளகாயை வாங்கிப் பாருங்கள். மிளகாயின் காரம் விதையைவிட அது ஒட்டியிருக்கும் வெண்ணிற நரம்பில்தான் மிகுதி என்பதால், பெரியவருக்கு ஏற்றபடி அதைச் சுரண்டிவிட்டு அடைக்கலாம்.

கோரேகாவ் தோழி:
ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் மாமனார் இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், மாவுச்சத்தைத் திடீரெனக் குறைக்கும்போது சர்க்கரை அளவு அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். ஒரு வேளைச் சிற்றுண்டியை மட்டும் மாற்றினாலும் மருத்துவரிடம் தெரிவித்து, மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.